கட்டுநாயக்காவும் திருச்சியும்: தூரமும் பிரயாண காலமும் – கண்டிப் பிரதேசம் சார்ந்த ஒரு நோக்கு

இரு விமான நிலையங்களுக்கிடையே உள்ள தூரம் எவ்வளவு, அதனைக் கடப்பதற்கு எவ்வளவு நேரம் செல்லும் என்னும் வினாக்கள் மேலோட்டமாக நோக்குமிடத்து எளிய கணித வினாக்களாகவே தோன்றும். உதாரணமாக, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட நேர்த்தூரம் ஏறத்தாழ 417 கிலோ மீற்றர்; விமானம் இதனைச் சுமார் ஒரு மணித்தியாலத்தில் கடந்துவிடுகின்றது. வினாவும் விடையும் இத்துடன் முடிந்துவிட்டதாகவே பலரும் கொள்வர். ஆனால் கண்டியிலோ, அதனைச் சூழ்ந்த ஹேவாஹெட்டை, தெல்தோட்டை, இரங்கலை, புசல்லாவை ஆகிய தோட்டப் பகுதிகளிலோ வாழும் ஒருவருக்கு இவ்விடை எத்துணை பயனுடையது என்பதை ஆராயுமிடத்து, தூரம் என்பதும் காலம் என்பதும் ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் அமைவன அல்ல என்பது புலப்படும். இக்கட்டுரையில் நாம் முதலில் விமானப் பிரயாண நேரம் எவ்வாறு அமைகின்றது என்பதை விளக்கி, அதன்பின் அவ்விளக்கத்தைக் கண்டிப் பிரதேசத்தின் அனுபவத்தோடு பொருத்திக் காண முற்படுகின்றோம். திருச்சியை நாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. இப்பிரதேசத்துத் தோட்டத் தொழிலாளரின் மூதாதையர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஆகவே ஏறத்தாழ இதே பாதையில் மனிதர் நடந்தும், படகிலும், புகையிரதத்திலும், இறுதியாக விமானத்திலும் சென்ற நூற்றெண்பது ஆண்டு வரலாறு நமக்குக் கிடைக்கின்றது.

பூமி கோள வடிவினது. அதன் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி, அவ்விரு புள்ளிகளையும் பூமியின் மையத்தையும் இணைக்கும் தளம் மேற்பரப்பை வெட்டும் கோடாகும். இதனைப் பெருவட்டம் என்பர். விமான நிலையங்களுக்கிடையே சொல்லப்படும் தூரம் இப்பெருவட்டத் தூரமே. அதனை அளக்கக் கடல் மைல் என்னும் அலகு பயன்படுகின்றது. பெருவட்டத்தின் ஒரு பாகையை அறுபது கலைகளாகப் பகுத்தால் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோ மீற்றர். கட்டுநாயக்காவும் திருச்சியும் ஏறத்தாழ 225 கடல் மைல் இடைவெளியில் உள்ளன. அகலக்கோட்டில் மூன்றரைப் பாகைக்குச் சற்றே மேற்பட்ட வேறுபாடு. நெடுங்கோட்டில் ஒரு பாகையும் சொச்சமும். சிறிய தூரங்களில் தட்டையான படத்தில் கோடு கீறி அளந்தாலும் பெரும்பிழை நேராது. இலண்டன், தொரன்ரோ போன்ற நகரங்களை எடுத்துக்கொண்டால் மட்டுமே படத்திலுள்ள நேர்கோடும் பெருவட்டமும் வெகுவாகப் பிரிகின்றன. கட்டுநாயக்காவிலிருந்து இலண்டன் ஹீத்ரோ ஏறத்தாழ 8,700 கிலோ மீற்றர்; தொரன்ரோ ஏறத்தாழ 14,000 கிலோ மீற்றர்.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்பது பள்ளிக் கணிதம். இன்றைய ஜெற் விமானம் உயரப் பறக்கும்போது மணிக்கு 830 முதல் 900 கிலோ மீற்றர் வரை செல்லவல்லது. அவ்வாறாயின் திருச்சியை அரை மணித்தியாலத்தில் அடைந்துவிட வேண்டும். அடைவதில்லை. ஏனெனில் விமானம் தரிப்பிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்கின்றது, முறை வரும்வரை நிற்கின்றது, ஏறுகின்றது, உச்ச உயரத்தில் சிறிது நேரமே நின்று மீண்டும் இறங்கத் தொடங்குகின்றது, இறங்குமுன் ஓடுபாதையின் திசைக்கேற்ப வளைந்து வருகின்றது. விமானக் கம்பனிகளின் கால அட்டவணையில் காணப்படும் நேரம் சக்கரம் அசைந்தது முதல் சக்கரம் நிற்பது வரையிலான நேரமாகும். குறுந்தூரப் பறப்பில் இந்த ஆரம்ப, இறுதிச் சடங்குகளே பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே திருச்சிப் பறப்பின் சராசரி வேகம் மணிக்கு 417 கிலோ மீற்றர் மட்டுமே. இலண்டனுக்கு ஏறத்தாழ 11 மணித்தியாலம் எடுப்பதாகக் கொண்டால் சராசரி வேகம் மணிக்கு 790 கிலோ மீற்றர். வேகம் குன்றாத இயந்திரம்தான். தூரம் குறையச் சராசரி வேகம் பாதியாகிவிடுகின்றது.

இவ்வுண்மையைப் பலாலியைக் கொண்டும் விளக்கலாம். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோ மீற்றர். கட்டுநாயக்காவிலிருந்து சென்னை ஏறத்தாழ 645 கிலோ மீற்றர். 2019 நவம்பரில் பலாலி–சென்னைச் சேவை சுழலி பொருத்திய சிறிய விமானங்களைக் கொண்டு தொடங்கியபோது, தூரம் பாதிக்குச் சற்றே கூடுதலாக இருந்தும், பறப்பு நேரம் கட்டுநாயக்கா–சென்னை ஜெற் விமானத்தின் நேரத்துக்கு ஏறக்குறையச் சமமாகவே இருந்தது. அச்சேவையும் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரிலேயே மீண்டும் தொடங்கியது.

நெடுந்தூரப் பறப்புகளில் வேறு காரணிகள் முன்வருகின்றன. மத்திய அகலக்கோடுகளில் உயர்வெளியில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலிய காற்றோட்டம் காரணமாக, இலண்டன் செல்வதைக் காட்டிலும் இலண்டனிலிருந்து திரும்புதல் பொதுவாக விரைவானது. காற்றோடு அரசியலும் சேர்கின்றது. 2019 பெப்ரவரி இறுதியிலிருந்து யூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் தன் வான்பரப்பின் பெரும்பகுதியை மூடியபோது, இந்திய உபகண்டத்துக்கும் ஐரோப்பாவுக்கும் இடைப்பட்ட பல பறப்புகள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. நகரங்கள் இடம் பெயரவில்லை; பிரயாணம் நீண்டது.

கடிகாரமும் ஏமாற்றும். 1996 மே மாதத்தில் இலங்கை தன் நியம நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அதில் பாதியைக் குறைத்தது. 2006 ஏப்ரிலில் இந்திய நேரத்தோடு மீண்டும் ஒன்றியது. இடைப்பட்ட ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில், காலை பத்து மணிக்குக் கட்டுநாயக்காவிலிருந்து புறப்பட்டு ஒரு மணித்தியாலம் பறந்தவர் திருச்சிக் கடிகாரப்படி பத்தரைக்கு இறங்கினார். திரும்பி வந்தவருக்கோ அதே பறப்பு ஒன்றரை மணித்தியாலமாகத் தோன்றியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிப் பகுதிகளில் பழைய நேரமே கைக்கொள்ளப்பட்டமையால் ஒரே தீவினுள்ளே இரண்டு நேரங்கள் வழங்கின என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இனிக் கண்டிக்கு வருவோம். கண்டிக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையேயுள்ள நேர்த்தூரம் ஏறத்தாழ 84 கிலோ மீற்றர் மட்டுமே. ஜெற் விமானத்துக்கு இது ஆறு நிமிடப் பறப்பு. வீதி வழியாகவோ கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கி, மாவனல்லை, கேகாலை, வரக்காப்பொலை, நிட்டம்புவ எனக் கடைத்தெருக்கள் தோறும் நெருக்குண்டு செல்ல வேண்டும். மூன்று மணித்தியாலத்துக்குக் குறைவாக இதனைக் கடப்பது அரிது; மூன்றரை, நான்கு என்பதே இயல்பு. மத்திய அதிவேக வீதியின் மீரிகம–குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனால் அது கண்டியைத் தொடவில்லை. நேர்த்தூரத்தைக் கொண்டு கணக்கிடின் கண்டி–கட்டுநாயக்காப் பிரயாணத்தின் வேகம் மணிக்கு 24 கிலோ மீற்றராகும். மிதிவண்டி ஓட்டத்தில் தேர்ந்த இளைஞர் ஒருவர் சமதரையில் எட்டக்கூடிய வேகம் அது.

தெல்தோட்டையை அடுத்த ஒரு தோட்ட லயத்திலிருந்து புதுக்கோட்டையிலுள்ள உறவினர் வீட்டுக்குச் செல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இது கள ஆய்வன்று. நியாயமான எடுகோள்களின் மீதமைந்த கணக்கு மட்டுமே. தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். கண்டியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு மூன்றரை. விமானம் புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கிருக்க வேண்டும். பறப்பு ஒன்று. திருச்சியில் குடிவரவு, சுங்கச் சோதனைகளுக்கு ஒன்று. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே அமைந்திருப்பதால் அங்கிருந்து இன்னொரு மணித்தியாலம். மொத்தம் 11 மணித்தியாலம். இதில் வானத்தில் கழிவது ஒன்றே. மிகுதிப் பத்தும் தரையில் கழிவன. தெல்தோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் நேர்த்தூரம் ஏறத்தாழ 405 கிலோ மீற்றர் ஆகையால் வாசலிலிருந்து வாசல்வரை இப்பிரயாணத்தின் வேகம் மணிக்கு 37 கிலோ மீற்றர். மலைவீதியில் மண் சரியலாம், பஸ் பிந்தலாம் என்றஞ்சி முதல்நாள் மாலையே புறப்பட்டு விமான நிலைய வாசலில் இரவைக் கழிப்போர் பலர். அவர்களுக்கு இந்த வேகம் இன்னும் குறைவு.

இக்கணக்கில் திசையும் கவனிக்கத்தக்கது. கண்டியிலிருந்து தமிழகம் வடக்கும் வடமேற்குமாக உள்ளது. விமானத்தில் செல்ல விரும்புபவர் முதலில் மேற்கே கரையோரத்துக்கு இறங்கி, அதன்பின்பே வடக்கு நோக்குகின்றார். இது தற்செயலன்று. 1820களில் கொழும்பு–கண்டி வீதியும், 1867இல் கண்டியை வந்தடைந்த புகையிரதப் பாதையும், 1880இல் மாத்தளைக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் நீண்ட கிளைகளும், மலையை மேற்குக் கரையோடு பிணைத்தன. வீதி ஆட்சியின் தேவைக்கும் படையின் தேவைக்கும் எழுந்தது. புகையிரதம் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கு எழுந்தது. கட்டுநாயக்காவோ இரண்டாம் உலகப் போரின்போது 1944இல் பிரித்தானிய விமானப் படைத்தளமாக அமைக்கப்பட்டது. 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் நாட்டின் முதன்மை விமான நிலையமாக இரத்மலானையின் இடத்தைப் பெற்றது. அதுவும் அதே மேற்குக் கரையில், அதே ஆரைக்கோடுகளின் முனையருகே அமைந்தது. கண்டி நகருக்கென விமான நிலையம் ஒன்று அமைக்கும் யோசனைகள் அவ்வப்போது எழுந்து அடங்கியுள்ளன. ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் மலைச்சரிவிலும் நீண்ட ஓடுபாதைக்கு இடம் காண்பது எளிதன்று.

கோப்பிக் காலத்தில் பாதை இவ்வாறு வளையவில்லை. தொழிலாளர் கால்நடையாக இராமேஸ்வரக் கரைக்கோ அதனை அண்டிய துறைகளுக்கோ வந்து, தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டினூடே மாத்தளைக்கு நடந்தனர். வடபாதை எனப்பட்ட இது தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல். குழந்தை குட்டிகளோடும் சட்டி பானைகளோடும் நாளொன்றுக்குப் பத்து அல்லது பதினைந்து மைல் நடந்தனர் எனக் கொண்டால் தீவின் பகுதிக்கு மட்டும் பத்து முதல் பதினைந்து நாட்கள். சொந்த ஊரிலிருந்து கணக்கிட்டால் மூன்று வாரத்துக்கு மேல். வாந்திபேதியாலும் அம்மையாலும் பட்டினியாலும் வழியில் மடிந்தோர் பலர். இப்பாதையின் கொடுமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோப்பித் தொழிலாளர் பற்றி டொனவன் மொல்ட்றிச் 1989இல் வெளியிட்ட நூல் விரிவாக எடுத்துரைக்கின்றது.

எனினும் இங்கு ஒரு முரண்பாடு உண்டு. கோப்பி அறுவடை பருவகாலத்துக்குரியது. பழம் பறிக்கும் மாதங்கள் முடிந்ததும் தொழிலாளரிற் பெரும்பாலோர் அதே வழியில் ஊர் திரும்பினர். பாதை மூன்று வாரமாக நீண்டிருந்த காலத்தில் ஆண்டுதோறும் போய் வந்தவர்கள் அவர்கள். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தது. புகையிரதம் கண்டியை அடைந்த அதே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரைத் தோட்டத்தில் நட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. லயத்தில் நிலையாகத் தங்கும் குடும்பமே தோட்டத்துக்குத் தேவைப்பட்டது. ஆகவே புகையிரதமும் நீராவிக் கப்பலும் பாதையைச் சுருக்கிய காலத்திலேதான் ஊருக்குப் போவது அருகியது. பிரயாணத்தின் வேகத்துக்கும் உறவின் நெருக்கத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நம்புபவர்கள் இதனை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும்.

1914 பெப்ரவரியில் பாம்பன் பாலமும், அடுத்து மார்ச் மாதத்தில் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பற் சேவையும் தொடங்கின. கண்டியில் மாலையில் ஏறிப் பொல்காவலைச் சந்தியில் வடக்கே செல்லும் இரவு வண்டிக்கு மாறினால் விடியலில் தலைமன்னார்த் துறை. இருபது மைலுக்குச் சற்றே மேற்பட்ட கடல். பின்னர் மீண்டும் புகையிரதம். ஏறத்தாழ ஓர் இரவும் ஒரு பகலும் கழியத் திருச்சி. இரு முனைகளிலும் பஸ் அல்லது மாட்டு வண்டிப் பிரயாணத்தைச் சேர்த்து இருபத்தெட்டு மணித்தியாலம் எனக் கொண்டால், இன்றைய விமானப் பிரயாணம் அதனைக் காட்டிலும் இரண்டரை மடங்கே விரைவானது. இயந்திரத்தின் வேகமோ இருபது மடங்கு உயர்ந்திருக்கின்றது! மிகுதி எங்கே போயிற்று என்பதற்கு மேலே காட்டிய பத்து மணித்தியாலமே விடை.

ஆனால் 'போட் மெயில்' எனப் புகழப்பட்ட இப்பாதையும் எல்லோருக்கும் ஒரே கால அளவினதாக இருக்கவில்லை. கனவான்களும் வணிகரும் மறுநாள் ஊர் சேர்ந்தனர். தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த தொழிலாளரோ மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, மருந்து நீரில் குளிப்பாட்டப்பட்டு, பதிவு செய்யப்பட்ட பின்னரே கப்பலேறினர். கடலும் கப்பலும் புகையிரதமும் பொதுவாக இருந்தன. காலம் மட்டும் வர்க்கத்துக்கேற்பப் பிரிந்தது.

வான்வழி மெல்ல வந்தது. 1938இல் டாட்டா நிறுவனத்தின் அஞ்சல் விமானம் இரத்மலானை வரை வந்தது. 1947 டிசம்பர் 10ஆந் தேதி எயார் சிலோன் தன் முதற் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. அதற்கடுத்த ஆண்டில், 1948இல், பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறித் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பிரசாவுரிமை இல்லாதவருக்குக் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு இல்லாதவருக்கு விமானம் ஒரு மணித்தியாலத் தூரத்திலா ஒரு நாள் தூரத்திலா என்பது அர்த்தமற்ற வினா. ஆகாயம் திறந்த காலமும் அவர்களுக்கு எல்லை மூடிய காலமும் ஒன்றாகவே அமைந்தன.

1964 ஒக்டோபர் 30ஆந் தேதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரு மாதத்துள், 1964 டிசம்பர் 22–23 இரவில், சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது; கப்பல் பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. இந்தியக் கடவுச்சீட்டுக்கான அலுவல்கள் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் நடைபெற்றன. விண்ணப்பித்துவிட்டு அழைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் புறப்பட்ட புகையிரதத்தை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். கால அட்டவணைப்படி அது ஓரிரவுப் பிரயாணம். ஆனால் அதில் ஏறியவர்களிற் பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். எந்த ஊருக்குத் 'திரும்புகிறார்கள்' என்பதே அவர்களுக்குத் தெளிவில்லை. இராமானுஜம் என்னும் கப்பல் 1984வரை அவர்களை ஏற்றிச் சென்றது. அவ்வாண்டுடன் கப்பற் சேவை நின்றது. பிரிந்த உறவுகளைக் காண ஏழைகள் கொண்டிருந்த மலிவான ஒரே வழியும் அத்துடன் அடைபட்டது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் பிரசாவுரிமை அளித்தது. பாட்டனின் காலத்தில் கப்பலுக்குத் தேவைப்படாத கடவுச்சீட்டும் விசாவும், அவற்றுக்கான கட்டணமும், கையில் பணமில்லாதவர் அவற்றைச் சேர்க்க எடுக்கும் மாதங்களும் பேரனின் ஒரு மணித்தியாலப் பறப்புக்கு முன்னே நிற்கின்றன. எந்தக் கால அட்டவணையும் அம்மாதங்களைக் காட்டுவதில்லை.

1970களின் பிற்பகுதியிலிருந்து மேற்காசிய நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களில் தோட்டப் பகுதிப் பெண்களும் சேர்ந்தனர். கட்டுநாயக்காவிலிருந்து டுபாய் ஏறத்தாழ 3,290 கிலோ மீற்றர். நாலரை மணித்தியாலப் பறப்பு. ஒப்பந்தப்படி திரும்புதலோ பெரும்பாலும் இரண்டாண்டுகளின் பின்னர். தெல்தோட்டையில் பிள்ளையை விட்டுச் சென்ற தாய்க்கு அத்தூரத்தை எந்த அலகில் அளப்பது என்பதை நமது கணிதப் பாடநூல்கள் சொல்லித் தரவில்லை.

கடல் வழி பற்றிய பேச்சு அண்மையில் மீண்டும் எழுந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம்–காங்கேசன்துறைப் பிரயாணிகள் கப்பல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. சுமார் நான்கு மணித்தியாலக் கடற் பிரயாணம் அது. யாழ்ப்பாணத்தவருக்கு அது பயனுடையது. கண்டியிலிருந்து செல்பவர் முதலில் 330 கிலோ மீற்றர் வடக்கே போகவேண்டும்; ஏழு மணித்தியாலத்துக்குக் குறையாத பஸ் பிரயாணம். பழைய பாதையோ இன்னும் குறுகியது. போரில் 1990இல் அழிந்த தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 2015 மார்ச்சில் துறைமுனைவரை மீண்டும் திறக்கப்பட்டது. கண்டியில் ஏறிப் பொல்காவலையில் மாறினால் அத்துறை வரை செல்ல இயலும்வண்ணம் பாதை மீண்டும் அமைந்தது. அதற்கப்பால் முப்பது கிலோ மீற்றருக்குச் சற்றே மேற்பட்ட கடல். முன்னாளில் கப்பல் அதனை இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் கடந்தது. பாதை திறக்கப்பட்டபோது அத்துறையில் பிரயாணிகளுக்கென ஒரு கப்பலும் இருக்கவில்லை.